ஓசிடிக்கு ஈ.ஆர்.பி. சிகிச்சை தொடங்கப் போகிறீர்களா? முதல் வாரங்களைப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

இதை எழுதும் நான் மருத்துவர் இல்லை, திருச்சியில் பள்ளி ஆசிரியை. ஓசிடி என்பது, வேண்டாத எண்ணமோ சந்தேகமோ திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். கேஸ் ரெகுலேட்டரை மூடினேனா என்ற ஒரே கேள்வி என் வாழ்க்கையில் ஒன்பது வருடங்களைத் தின்றது. சத்திரம் பேருந்து நிலையம் வரை வந்து, ஏறிய பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குத் திரும்பி ஓடிய நாட்களுக்குக் கணக்கில்லை. சிகிச்சை முடித்து நான்கு வருடம் ஆகிறது. போகலாமா வேண்டாமா என்று தயங்குபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை கீழே இருக்கின்றன. எந்த மருந்து, எவ்வளவு என்பதையெல்லாம் உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஈ.ஆர்.பி. என்றால் என்ன?

‘எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன்’ என்ற உளவியல் சிகிச்சையின் சுருக்கப் பெயர். அதில் இரண்டு பாதிகள் உண்டு. பயம் தரும் ஒன்றை வேண்டுமென்றே எதிர்கொள்வது முதல் பாதி. எதிர்கொண்ட பிறகு வழக்கமாகச் செய்யும் செய்கையைச் செய்யாமல் இருப்பது இரண்டாம் பாதி. செருப்பைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் உட்கார்ந்திருப்பது, கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்காமல் நடந்துவிடுவது. இந்த இரண்டாம் பாதியில்தான் மருந்து இருக்கிறது. முதல் பாதியை நாம் ஏற்கெனவே தினமும் செய்துகொண்டுதானே இருக்கிறோம்! தினமும் பயப்படுகிறோம், தினமும் கழுவுகிறோம். ஆனாலும் ஒன்றும் குறைவதில்லை.

ஏன் குறைவதில்லை என்றால், கழுவியதும் கிடைக்கும் அந்த நிம்மதி கந்துவட்டிக் கடன் மாதிரி. கையில் வாங்கும்போது உயிர் வந்ததுபோல இருக்கும். ‘கழுவியதால்தான் தப்பித்தோம்’ என்று மூளை எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை இரண்டு தடவை கழுவச் சொல்லும். அதற்கடுத்து பத்து.

1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், கடுமையான ஓசிடி இருந்த இருவருக்கு இந்த வழியை முயன்றதைப் பதிவு செய்தார். செவிலியர்கள் உடனிருந்து, அவர்கள் பயந்தவற்றைத் தொடவைத்து, வழக்கமான செய்கைகளைச் செய்யவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு முன் எத்தனையோ சிகிச்சைகளில் அசையாத நோய் அசைந்தது. இன்றைக்கு முறை வெகுவாக மென்மையாகிவிட்டது. யாரும் உங்களைத் தடுத்து நிறுத்த மாட்டார்கள், நிறுத்துவது நீங்கள்தான். அடிப்படை மட்டும் அதேதான்.

முதல் நாளே குப்பைத்தொட்டியைத் தொடச் சொல்வார்களா?

மாட்டார்கள். நான் மூன்று வருடம் சிகிச்சையைத் தள்ளிப்போட்டதற்கு இந்தப் பயமே காரணம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

முதல் ஓரிரு அமர்வுகள் பெரும்பாலும் பேச்சுதான். எந்த எண்ணம் வருகிறது, அப்போது என்ன செய்கிறீர்கள், எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போகிறது என்று கேட்பார்கள். ஓசிடியின் கடுமையை அளக்க யேல்-பிரவுன் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 16க்கு மேல் போனால் நடுத்தரம், 24க்கு மேல் கடுமை என்று தோராயமாகக் கொள்வார்கள். நான் 27இல் தொடங்கினேன். அந்த எண்ணைப் பார்த்து அழுதேன், பிறகு விசித்திரமாக ஒரு தெம்பும் வந்தது. இத்தனை நாள் என் குணம் என்று நினைத்ததை ஒருவர் அளந்து காட்டிவிட்டார், அளக்க முடிந்தால் குறைக்கவும் முடியும் என்று தோன்றியது.

அதன் பிறகு, பயம் தரும் சூழல்களைப் பட்டியல் போடுவீர்கள். 0 என்றால் பதற்றமே இல்லை, 100 என்றால் தாங்கவே முடியாது. ஒவ்வொரு சூழலுக்கும் நீங்களே எண் கொடுக்க வேண்டும். என் பட்டியலின் அடிப்படியில் இருந்தது, அடுப்பை அணைத்துவிட்டு ஒரே ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போவது. அதற்கு 30. ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போனில் படம் எடுக்காமல் பள்ளிக்குக் கிளம்புவதற்கு 70. (அதுவரை தினமும் படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் போவேன். பஸ்ஸில் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். இது நேற்று எடுத்ததோ என்று அடுத்த சந்தேகம் வரும்.) இரண்டு நாள் ஊருக்குப் போகும்போது ரெகுலேட்டரை வீட்டுக்காரர் மூட, நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறுவதற்கு 95 போட்டேன்.

எந்தப் படியில் தொடங்குவது என்பதை நீங்களும் சிகிச்சையாளரும் சேர்ந்து முடிவு செய்வீர்கள். பெரும்பாலும் 30, 40 அளவில் தொடங்குவார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் எந்தப் படியும் கிடையாது. திடீர் அதிர்ச்சி கொடுப்பது இந்தச் சிகிச்சையில் சேராது.

செய்யாமல் விட்டால் அந்தப் பதற்றம் ஏறிக்கொண்டே போகாதா?

போகாது. உள்ளே இருந்து பார்த்தால் ஏறிக்கொண்டே போவதுபோலத்தான் தெரியும். 1970களில் லண்டனில் உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன் குழு இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தது. இலங்கையில் பிறந்த உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் அந்தக் குழுவில் இருந்தார். ஓசிடி உள்ளவர்களுக்குத் தூண்டுதலைக் கொடுத்துவிட்டு, வழக்கமான செய்கையைச் செய்யாமல் இருக்கச் சொல்லி, நேரம் போகப் போக என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். செய்தே ஆகவேண்டும் என்ற உந்துதல் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பெருமளவு இறங்கியது. மூன்று மணி நேரத்தில் கிட்டத்தட்ட அடங்கிவிட்டது. எதையும் செய்யாமலே, தானாக.

என் முதல் வீட்டுப்பாடத்தில் இருபது நிமிடம் வரை ஏறியது. வயிற்றைப் பிசைந்தது, காது சூடானது. நாற்பதாவது நிமிடத்தில் பால் பாக்கெட் வாங்க வேண்டும் என்று நினைவு வந்தது. பாலைப் பற்றி யோசிக்கிறோமே என்று அப்போதுதான் கவனித்தேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லா முறையும் இறங்காது. சில நாள் 60இல் தொடங்கி 60இலேயே முடியும். அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். இப்போதைய ஆய்வாளர்கள் பலர், குறிப்பாக அமெரிக்காவின் மிஷெல் கிராஸ்க், பதற்றம் இறங்கியதா என்பதைவிட நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்பதற்கே எடை கொடுக்கிறார்கள். ‘செய்யாவிட்டால் வீடு எரியும்’ என்று நினைத்தீர்கள், எரியவில்லை. ‘என்னால் தாங்க முடியாது’ என்று நினைத்தீர்கள், தாங்கினீர்கள். அந்த நாள் வீண் போகவில்லை.

இன்னொன்று, பல்லைக் கடித்துக்கொண்டு, மனசுக்குள் ‘ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது’ என்று ஜெபித்தபடி உட்கார்ந்தால் பயிற்சி நடக்காது. அந்த ஜெபமே ஒரு செய்கை. ‘ஆகலாம், ஆகாமலும் போகலாம்’ என்ற இடத்தில் உட்காரப் பழக வேண்டும். இந்தச் சிகிச்சையில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான். ரெகுலேட்டர் மூடியிருக்கிறது என்று சிகிச்சையாளர் ஒருநாளும் எனக்கு உறுதி சொல்லவில்லை. ஆரம்பத்தில் அதற்காக அவர்மேல் கோபம்கூட வந்தது.

எனக்குக் கழுவுவதோ சரிபார்ப்பதோ கிடையாது. மனசுக்குள் எண்ணம் மட்டும்தான். வெளியே சொல்லவே கூசுகிறது.

இந்தக் கேள்வி எனக்கு எப்போதும் தனியாகத்தான் வரும், பெரும்பாலும் இரவில். சன்னதியில் நிற்கும்போது சாமியைப் பற்றி அசிங்கமான எண்ணம் வருகிறது என்பார்கள். காய் நறுக்கும் கத்தியைப் பார்த்தால் குழந்தையைக் குத்திவிடுவோமோ என்று தோன்றுகிறது என்பார்கள். சொந்தத்தில் ஒருவரைப் பற்றி நினைக்கக் கூடாதது வருகிறது, நான் மனுஷியே இல்லையா என்று கேட்பார்கள்.

1978இல் ராக்மனும் டி சில்வாவும் எந்த மனநோயும் இல்லாத சாதாரண மக்களிடம் இப்படி எண்ணங்கள் வருவதுண்டா என்று கேட்டார்கள். ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு ஆமாம் என்றார்கள். எண்ணங்களின் உள்ளடக்கத்திலும் பெரிய வித்தியாசமில்லை. மற்றவர்கள் ‘சே’ என்று உதறிவிட்டுப் போகிறார்கள். நமக்கு அது கொக்கி மாதிரி மாட்டிக்கொள்கிறது. உங்களுக்கு எது மிகவும் புனிதமோ, யார்மேல் உயிரையே வைத்திருக்கிறீர்களோ, அங்கேயே வந்து மாட்டும். அந்த எண்ணத்தைக் கண்டு நீங்கள் இவ்வளவு நடுங்குவதே அது உங்கள் விருப்பம் இல்லை என்பதைக் காட்டுகிறது.

எண்ணம் மட்டும்தான் என்று தோன்றினாலும் செய்கைகள் ஒளிந்திருக்கும். கெட்ட எண்ணத்துக்குப் பதிலாக ஒரு நல்ல எண்ணத்தை வைப்பது, பதினோரு முறை மன்னிப்புக் கேட்பது, நடந்ததை மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்ப்பது, இணையத்தில் தேடுவது, கத்தியை அலமாரியில் பூட்டி வைப்பது. சிகிச்சை இவற்றைப் பிடித்து நிறுத்துகிறது. கோயிலுக்குப் போய் எண்ணத்தை வரவிட்டு, மன்னிப்புக் கேட்காமல், ஒருமுறை கும்பிட்டுவிட்டு வெளியே வருவது ஒரு பயிற்சி. குழந்தை பக்கத்தில் விளையாட, அடுக்களையில் காய் நறுக்குவது இன்னொன்று. நேரில் செய்ய முடியாதவற்றுக்கு, பயப்படும் நிகழ்ச்சியைக் கதைபோல எழுதி, உங்கள் குரலிலேயே பதிவு செய்து, தினமும் கேட்கச் சொல்வார்கள். முதல் நாள் தொண்டை அடைக்கும். இரண்டாம் வாரம் போரடிக்கும். அப்படிப் போரடிப்பதைவிட நல்ல அறிகுறி வேறில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். சாகவேண்டும் என்ற விருப்பமோ திட்டமோ உண்மையிலேயே இருந்தால், பட்டியல், பயிற்சி எதற்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சாமியை அவமதிக்கச் சொல்வார்களா? எங்கள் வீட்டில் ஆசாரம், தீட்டு எல்லாம் பார்ப்போம்.

நல்ல சிகிச்சையாளர் உங்கள் நம்பிக்கையில் கை வைக்க மாட்டார். அவர் கேட்கும் கேள்வி எளிமையானது: உங்கள் வீட்டில், உங்கள் வழக்கத்தில், மற்றவர்கள் எவ்வளவு செய்கிறார்கள்? இழவு வீட்டுக்குப் போய்வந்தால் எல்லாரும் ஒருமுறை தலைக்குக் குளிப்பார்கள். நீங்கள் இரண்டு மணி நேரம் குளித்து, போட்டிருந்த உடையைத் தூக்கி எறிந்து, வாசலிலிருந்து குளியலறை வரை கழுவிவிட்டால், அந்த மிச்சம்தான் நோயின் பங்கு. அம்மாவோ பாட்டியோ செய்யும் அளவுக்குத் திரும்புவதே இலக்கு. பக்தி குறையாது. கும்பிடும்போது எண்ணிக்கொண்டே நின்றவர்கள், எண்ணாமல் கும்பிட ஆரம்பிக்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

என் கதையையே சொல்கிறேன். பள்ளிக்குப் போனபிறகு அடுத்த தெருவில் இருக்கும் மாமியாருக்குப் போன் செய்வேன். “அத்தை, ஒரு தடவ வீட்டுக்குப் போயி ரெகுலேட்டரப் பாத்துட்டு வாங்களேன்.” முழங்கால் வலியோடு அவர் போய்ப் பார்த்துவிட்டு, “மூடித்தாம்மா இருக்கு” என்பார். பதினைந்து நிமிடத்தில் எனக்கு அடுத்த சந்தேகம் வரும், சரியாகப் பார்த்தாரா என்று. வீட்டுக்காரரிடம் ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்பேன். அவர் அன்பினால்தான் பதில் சொன்னார். அந்த முப்பது பதில்களும் நோய்க்குப் போட்ட தீனி என்று இருவருக்குமே தெரியாது.

மூன்றாவது அமர்வுக்கு அவரையும் வரச் சொன்னார்கள். அங்கே ஒரு வாக்கியத்தை மூவரும் சேர்ந்து அமைத்தோம். நான் கேட்டால் அவர் சொல்ல வேண்டியது: “இது அந்த நோய் கேக்குற கேள்வி. நான் பதில் சொல்லப் போறதில்ல. ஆனா உன் பக்கத்துலயே இருக்கேன்.” முதல் வாரம் அவர் அப்படிச் சொன்னபோது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. அத்தைக்குப் போன் செய்வதை நாளுக்கு ஒன்று, பிறகு வாரத்துக்கு ஒன்று எனக் குறைத்தோம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இதை எல்லாரும் பேசி, நோயாளியும் சம்மதித்து, படிப்படியாகச் செய்யுங்கள். ஒரே நாளில் தண்ணீர் மோட்டாரை அணைப்பது, குளியலறைக் கதவை உடைப்பது, “பைத்தியமா உனக்கு?” என்று சொந்தக்காரர் முன்னால் கேட்பது, இதெல்லாம் சிகிச்சை ஆகாது. அவமானம் நோயை ஆழமாகப் புதைத்து வைக்கும், அவ்வளவுதான்.

மாத்திரையும் வேண்டுமா?

லேசான நிலையில் சிகிச்சை மட்டும் போதுமானதாக இருக்கலாம். நடுத்தரம், கடுமை என்றால் இரண்டையும் சேர்ப்பது வழக்கம். ஃப்ளூஆக்ஸெட்டின், செர்ட்ராலின், ஃப்ளூவோக்ஸமின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவற்றைத் தருவார்கள். மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் ‘வேலை செய்யவில்லை’ என்று நிறுத்துபவர்கள் மிக அதிகம். இவை அடிமையாக்கும் மருந்துகள் இல்லை, ஆனாலும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பதற்றத்தை உடனே தணிக்கும் மாத்திரை ஏதாவது எடுத்துக்கொண்டால் அதைச் சிகிச்சையாளரிடம் சொல்லிவிடுங்கள். பயிற்சிக்கு முன் அதைப் போட்டுக்கொண்டால் தாங்கியது நீங்களா மாத்திரையா என்று மூளைக்குத் தெரியாது.

எத்தனை நாள் ஆகும்? எல்லாருக்கும் பலன் உண்டா?

வாரம் ஒன்று அல்லது இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், மொத்தம் 12 முதல் 20 அமர்வு என்பது பொதுவான கணக்கு. ஆனால் உண்மையான வேலை வீட்டுப்பாடத்தில் நடக்கிறது. அமர்வுக்கு மட்டும் போய்வந்து வீட்டில் ஒன்றும் செய்யாதவர்கள் தேறுவது கடினம்.

அமெரிக்க உளவியலாளர் எட்னா ஃபோவா குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 122 பேர் இருந்தார்கள். ஈ.ஆர்.பி. தொடங்கியவர்களில் 62 சதவீதம் பேருக்கு நல்ல பலன் கிடைத்தது. முடித்தவர்களை மட்டும் எடுத்தால் 86 சதவீதம். குளோமிப்ரமின் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 42, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 8. அந்த 62க்கும் 86க்கும் நடுவில் இருப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பலர் நடுவில் நின்றுவிடுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் முதல் சில வாரங்களில். அந்த வாரங்களில் முன்பைவிட மோசமாக உணர்வீர்கள், தூக்கம் கெடும், எரிச்சல் வரும். யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ‘இது எனக்கு ஒத்துவரவில்லை’ என்று தோன்றிவிடும். அந்த நேரத்தில் போகாமல் இருந்துவிடாதீர்கள். போய், ‘தாங்க முடியவில்லை, ஒரு படி கீழே போகலாமா?’ என்று கேளுங்கள். நான் என் பட்டியலில் 50லிருந்து 35க்கு இறங்கி, பத்து நாள் அங்கேயே நின்று, பிறகுதான் மேலே ஏறினேன்.

முழுசாகக் குணமாகுமா?

யேல்-பிரவுன் அளவில் எனக்கு 27 இருந்தது 9 ஆனது. மழைக்காலத்தில், பரீட்சைத் தாள் திருத்தும் நாட்களில், உறக்கம் குறைந்தால் அந்தச் சந்தேகம் எட்டிப் பார்க்கும். வரட்டும் என்று விட்டுவிடுவேன். இரண்டு மாதம் தொடர்ந்து வந்தால் ஓரிரு அமர்வுக்குப் போய்வருவேன்.

யாரிடம் போவது?

இதில் நான் ஏமாந்தேன். முதலில் போன இடத்தில் ஆறு மாதம் மூச்சுப் பயிற்சியும், எண்ணம் வந்தால் மணிக்கட்டில் ரப்பர் பேண்டைச் சுண்டும் வித்தையும்தான். ‘பாசிட்டிவா நினைங்க’ என்றார்கள். அவர்கள் நல்லவர்களே. ஓசிடிக்கான பயிற்சி அவர்களுக்கு இல்லை.

ஆகவே போனிலேயே கேட்டுவிடுங்கள்: ஓசிடிக்கு ஈ.ஆர்.பி. செய்கிறீர்களா? செய்கையை நிறுத்தும் பயிற்சி உண்டா? வீட்டுப்பாடம் உண்டா? இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் மனநல மருத்துவமனை இருக்கிறது. பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு நடக்கிறது. எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை என்றால் 14416 எண்ணில் டெலி மனஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். இலங்கையில் மனநல உதவிக்கு 1926 என்ற எண். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும். வெளிநோயாளிச் செலவு அடங்குமா என்று உங்கள் பாலிசியைப் பாருங்கள்.

நானே வீட்டில் செய்து பார்க்கலாமா?

லேசாக இருந்தால், கீழ்ப்படிகளை மட்டும் முயலலாம். செய்கைகள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்பது தனியாகப் பார்க்கும்போது தெரியாது, அதுதான் சிக்கல். போனில் படம் எடுப்பது செய்கை என்றே எனக்குத் தெரியாது, சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

முதல் நாளுக்கு முன் ஏதாவது தயார் செய்ய வேண்டுமா?

ஒரு வாரம் சின்ன நோட்டு ஒன்றில் குறித்து வாருங்கள். என்ன எண்ணம், என்ன செய்தேன், எவ்வளவு நேரம். அழகாக எழுத வேண்டாம். திரும்பப் படித்துச் சரிபார்க்கவும் வேண்டாம், அதுவே ஒரு வேலையாகிவிடும். வாயால் சொல்ல முடியாத எண்ணம் இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் நீட்டினேன். வீடு எரிவதையும் உள்ளே யார் யார் இருப்பார்கள் என்பதையும் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். சிகிச்சையாளர் முழுக்கப் படித்தார், முகம் மாறவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, “காலைல எத்தன மணிக்குக் கெளம்புவீங்க?” என்று கேட்டார்.